ஈசிஜி நார்மல், ஆனாலும் நெஞ்சு படபடக்கிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சை மாவட்டத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் 14 வருஷமாக ஈசிஜி எடுக்கிறேன். படுக்கவைத்து, ஜெல் தடவி, மார்பில் ஆறு பல்புகளையும் கை கால்களில் நான்கு கிளிப்புகளையும் மாட்டி, "அசையாம இருங்க, பேசாதீங்க" என்று சொல்வது என் வேலை. காகிதம் வெளியே வந்ததும் எல்லோரும் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். டாக்டர் நார்மல் என்று சொன்ன பிறகும் கிளம்ப மனசில்லாமல் வாசலில் நின்று பலர் என்னிடம் கேட்ட கேள்விகள்தான் இவை.

இதே கேள்விகளை நானும் ஒரு காலத்தில் கேட்டிருக்கிறேன். அப்பா மாரடைப்பில் போன பிறகு ஏறக்குறைய இரண்டு வருஷம் எனக்கும் இந்தப் படபடப்பு இருந்தது. நான் டாக்டர் இல்லை. உங்களுக்கு என்ன பரிசோதனை, என்ன மருந்து என்பதை உங்களைப் பார்க்கும் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ள இது உதவும்.

பயந்தால் இதயம் ஏன் இப்படி அடித்துக்கொள்கிறது?

ஆபத்து என்று மூளை நினைத்த அந்தக் கணமே நரம்புகள் வழியாக இதயத்துக்கு உத்தரவு போய்விடும். சிறுநீரகங்களின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினை ரத்தத்தில் விடும். துடிப்பு வேகமாகும், ஒவ்வொரு துடிப்பும் பலமாகும், ரத்த அழுத்தம் ஏறும், வயிற்றுக்குப் போகும் ரத்தம் குறைந்து கை கால் தசைகளுக்கு அதிகம் போகும், உடம்பு வியர்க்கும். தெருநாய் துரத்தும்போது ஓடித் தப்பிக்க இதெல்லாம் வேண்டும். சண்டை போடவோ ஓடவோ உடம்பு செய்துகொள்ளும் இந்த ஏற்பாட்டை வால்ட்டர் கேனன் என்ற அமெரிக்க உடலியல் அறிஞர் 1915-இல் விரிவாக எழுதினார்.

நாய் துரத்தினால் நாம் ஓடுகிறோம், அந்த வேகம் ஓட்டத்தில் செலவாகிவிடுகிறது. கடன்காரர் போன், பிள்ளையின் மார்க், ஸ்கேன் ரிப்போர்ட் இதற்கெல்லாம் ஓட இடமில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஓடுகிறவரின் துடிப்பு வந்துவிடுகிறது. அதனால்தான் அது இவ்வளவு பயங்கரமாகத் தெரிகிறது.

மூச்சையும் கவனியுங்கள். பதட்டத்தில் நாம் வேண்டியதைவிட அதிகமாகவே மூச்சு விடுகிறோம். ரத்தத்தில் இருக்க வேண்டிய கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியே போய்விடுகிறது. அதனால் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் கொஞ்சம் சுருங்கும். தலை கிறுகிறுக்கும், உதட்டைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் மரத்துப்போகும். "கை மரத்துப்போச்சு, அட்டாக்தான்" என்று ஓடிவருகிறவர்களில் பலருக்கு இரண்டு கையும் மரத்திருக்கும், உதடும் சேர்ந்து மரத்திருக்கும். விலா எலும்புகளுக்கு நடுவே இருக்கும் தசைகள் வேகமூச்சில் களைத்து வலிப்பதும் உண்டு.

"எல்லாம் மனப்பிரமை" என்கிறார்கள். ஆனால் எனக்கு நிஜமாகவே வலிக்கிறதே?

நிஜமாகவேதான் வலிக்கிறது. 120 துடிப்பு என்று என் மெஷின் காட்டும்போது அது பிரமை ஆகாது. ஈசிஜி காகிதத்தில் உயரமான இரண்டு கூர்முனைகளுக்கு நடுவே எத்தனை பெரிய கட்டம் இருக்கிறது என்று எண்ணி, 300-ஐ அதனால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்று கிடைக்கும். ஐந்து கட்டம் என்றால் 60, மூன்று என்றால் 100. டவுன் பஸ்ஸில் முதல்முறை எனக்கு வந்து, அப்படியே ஆஸ்பத்திரிக்கு ஓடி, என் கூட வேலை செய்யும் பெண் எனக்கு எடுத்த காகிதத்தில் இரண்டரைக் கட்டம்தான் இருந்தது. துடிப்பு வேகம், ஆனால் வடிவம் ஒழுங்கு. அந்த ஒழுங்கைப் படிக்கத் தெரிந்த நானே அன்று அதை நம்பவில்லை.

இது இந்தக் காலத்து வியாதியும் இல்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் படபடப்பு, நெஞ்சுவலி, மூச்சுத் திணறல் என்று வந்த சிப்பாய்களைப் பிலடெல்பியாவில் ஜேக்கப் டகோஸ்டா என்ற மருத்துவர் கவனித்து 1871-இல் எழுதினார். இதயத்தில் பெரிய கோளாறு தெரியாமலே அவர்கள் துடித்துப்போயிருந்தார்கள். முதல் உலகப் போரிலும் இதே நிலை வந்தது, 'சிப்பாயின் இதயம்' என்றே அதை அழைத்தார்கள். பீரங்கிக்கு முன் நின்றவர்களுக்கே இது வந்திருக்கும்போது, வந்ததற்காக நாம் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

இது பதட்டமா, மாரடைப்பா? வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது?

முதல்முறை என்றால் கண்டுபிடிக்க முயற்சி செய்யாதீர்கள். ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.

இதை நான் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. என் அப்பாவுக்கு 58 வயது. சர்க்கரை இருந்தது. ராத்திரி சாப்பிட்டதும் மேல்வயிற்றில் ஏதோ அடைக்கிற மாதிரி இருக்கிறது என்றார். கேஸ் என்று நினைத்து சோடா வாங்கிக் குடித்தார், பெருங்காயம் கரைத்துக் குடித்தார், சட்டை நனைய வியர்த்திருந்தும் விடியட்டும் என்று படுத்தார். காலை நான்கு மணிக்குப் போனார். நான் அன்று நைட் டியூட்டியில் யாருக்கோ ஈசிஜி எடுத்துக்கொண்டிருந்தேன்.

மாரடைப்பு என்றால் பெரும்பாலும் நடுநெஞ்சில் பாரம் ஏறி உட்கார்ந்தது மாதிரி, இறுக்கிப் பிழிவது மாதிரி இருக்கும். இடது கை, இரண்டு கைகள், தாடை, கழுத்து, முதுகு என்று பரவலாம். குளிர்ந்த வியர்வை, குமட்டல், மூச்சு வாங்குதல் சேர்ந்து வரலாம். நடந்தால், மாடி ஏறினால் கூடும், நின்றால் குறையும் என்கிற வலியை ஒருபோதும் தள்ளிப்போடக் கூடாது. பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வயதானவர்களுக்கும் நெஞ்சுவலியே பெரிதாக இல்லாமல், வெறும் அசதி, மூச்சுத் திணறல், மேல்வயிற்று அவஸ்தையாக மட்டும் வந்துவிடலாம்.

பேனிக் அட்டாக், அதாவது பதட்டம் திடீரென்று உச்சத்துக்கு ஏறும் தாக்குதல், பெரும்பாலும் சட்டென்று கிளம்பி பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், அரை மணி நேரத்துக்குள் தானாக இறங்கும். செத்துவிடுவோம், பைத்தியம் பிடித்துவிடும் என்கிற பயம் கூடவே வரும். வலி ஊசி குத்துவது மாதிரி ஒரே இடத்தில், விரல் வைத்துக் காட்டும்படி இருக்கலாம்.

ஆனால் மாரடைப்பிலும் பயம் வரும், பதட்டத்திலும் வியர்க்கும். அதனால் இந்த அடையாளங்களை வைத்து நீங்களே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். நெஞ்சுவலி சில நிமிடங்களில் அடங்காவிட்டால், மயக்கம் வந்தால், பேச்சோ முகமோ கோணினால், அல்லது எப்போதும் வருகிற பதட்டம் மாதிரி இல்லாமல் வேறு மாதிரி தெரிந்தால், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்: தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990. சர்க்கரை, ரத்த அழுத்தம், புகைப்பழக்கம், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு இதெல்லாம் இருப்பவர்கள் சந்தேகம் வந்தாலே வர வேண்டும். தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு வராதீர்கள். ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பினால் அதில் ஒரு அவமானமும் இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பப்பட்டதற்காக நான் யாரையும் கோபித்ததில்லை.

ஈசிஜி நார்மல் என்றால் முழுக்க நம்பலாமா?

அந்தக் காகிதம் ஏறத்தாழ பத்து விநாடிகளின் கதை. ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் முறை துடிக்கிற இதயத்தில் பத்து விநாடியை மட்டும் நான் பிடித்துத் தருகிறேன். அதனால் நெஞ்சுவலியோடு வருகிறவருக்கு முதல் ஈசிஜி நார்மலாக இருந்தாலும் டாக்டர் சில மணி நேரம் உட்காரவைத்து இன்னொரு ஈசிஜியும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் எடுப்பார். "எதுக்கு மறுபடி, காசுக்காக" என்று கிளம்பிவிடாதீர்கள். இதயத் தசை அடிபட்டிருந்தால் ட்ரோபோனின் ரத்தத்தில் ஏறித் தெரிய நேரமாகும்.

படபடப்பு மட்டும் விட்டு விட்டு வந்தால், 24 மணி நேரமோ அதற்கு மேலோ உடம்போடு கட்டிக்கொண்டு திரியும், துடிப்பைப் பதிவு செய்யும் ஹோல்டர் கருவி, எக்கோ என்கிற இதய ஸ்கேன், தேவைப்பட்டால் டிரெட்மில் சோதனை என்று பார்ப்பார்கள். அத்தோடு இரண்டு சாதாரண ரத்தப் பரிசோதனைகளைக் கேட்டு வாங்குங்கள்: தைராய்டும் ஹீமோகுளோபினும். தைராய்டு அதிகமாகச் சுரந்தால் பதட்டம் மாதிரியே இருக்கும். கை நடுங்கும், வியர்க்கும், துடிப்பு ஏறும். மாதவிடாய் அதிகமாகப் போகும் பெண்களுக்கு ரத்தசோகையால் படபடக்கும். 45 வயதைத் தாண்டிய பெண்களுக்கு மாதவிடாய் நிற்கிற காலத்தில் உடம்பு திகுதிகுவென்று எரிவதோடு படபடப்பும் சேர்ந்து வரும். இவர்களில் எத்தனையோ பேருக்கு "டென்ஷன் ஆகாதம்மா" என்பது மட்டுமே மருந்துச் சீட்டாகக் கிடைத்திருக்கிறது. அது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது சுவிட்ச் போட்ட மாதிரி சட்டென்று 150, 180 என்று ஏறி, அதேபோல் சட்டென்று நின்றுவிடுகிற ஒரு வகைத் துடிப்புக் கோளாறு உண்டு. எஸ்விடி என்பார்கள். அதைப் பதட்டம் என்று வருஷக்கணக்கில் நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். பதட்டத் துடிப்பு ஏணியில் ஏறுவது மாதிரி ஏறி, மெல்ல இறங்கும். உங்களுடையது சுவிட்ச் மாதிரி என்றால், துடித்துக்கொண்டிருக்கும்போதே வந்து ஈசிஜி எடுத்துக்கொள்ளுங்கள். அடங்கின பிறகு எடுத்தால் எதுவும் தெரியாமல் போகலாம்.

நடுவில் ஒரு துடிப்பு விட்டுப்போய், அப்புறம் 'தொம்' என்று ஒரு அடி விழுகிறது. இதயம் நின்று நின்று ஓடுகிறதா?

நிற்கவில்லை. ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வந்துவிடுகிறது. இதயம் நிரம்புவதற்கு முன்பே வந்ததால் அது உங்களுக்குத் தெரிவதில்லை. அதன்பின் சின்ன இடைவெளி. அந்த இடைவெளியில் வழக்கத்தைவிடக் கூடுதலாக ரத்தம் நிரம்புவதால் அடுத்த துடிப்பு பலமாக விழுகிறது. நீங்கள் உணர்வது அந்த 'தொம்'மைத்தான். நாள் முழுக்க ஹோல்டர் கட்டிப்பார்த்தால் எந்தத் தொந்தரவும் இல்லாத ஆட்களிடமும் இது இருக்கும், அவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். எக்கோவில் இதயம் நன்றாக இருந்தால் பெரும்பாலும் இது கெடுதல் செய்யாது.

மயக்கத்தோடு வந்தாலோ, உடற்பயிற்சியின்போது வந்தாலோ, வீட்டில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்திருந்தாலோ டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

பகலெல்லாம் சரியாக இருக்கிறேன். படுத்தால் மட்டும் ஏன்?

பகலில் சத்தம் அதிகம், கவனம் வேறெங்கோ. ராத்திரி ஃபேன் சத்தமும் உங்கள் நெஞ்சும்தான் மிச்சம். இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் இதயம் மார்புச் சுவரை ஒட்டி வரும், துடிப்பு இன்னும் நன்றாகத் தெரியும். காது தலையணையில் அழுந்தியிருந்தால் அதுவும் கேட்கும். வலது பக்கம் திரும்பிப் படுத்துப் பாருங்கள். வயிறு முட்டச் சாப்பிட்டு உடனே படுத்தால் நெஞ்செரிச்சலும் சேர்ந்துகொள்ளும்.

தூக்கத்திலிருந்தே தூக்கிவாரிப்போட்டு எழுப்புகிற பேனிக் அட்டாக்கும் உண்டு. குறட்டை பலமாக இருந்து, மூச்சு நின்று நின்று வருகிறது என்று வீட்டில் சொன்னால், தூக்கத்தில் மூச்சடைப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதுவும் இப்படி எழுப்பும்.

அட்டாக் வந்த அந்த நேரத்தில் என்ன செய்வது?

இதயப் பரிசோதனை முடிந்து, இது பதட்டம்தான் என்று டாக்டர் உறுதியாகச் சொன்னவர்களுக்கான பதில் இது.

மூச்சை வெளியே விடுவதை நீளமாக்குங்கள். நான்கு எண்ணும் வரை மூக்கால் உள்ளே, ஆறு எண்ணும் வரை மெதுவாக வெளியே. இப்படிச் செய்தால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். இழுத்து நெஞ்சை நிரப்ப வேண்டாம், வயிறு லேசாக எழும்பினால் போதும். மூச்சை விடும்போது வேகஸ் நரம்பு இதயத்துக்குக் கடிவாளம் போடுகிறது. இதை நான் காகிதத்திலேயே பார்க்கிறேன். இருபது வயதுப் பிள்ளைகளின் ஈசிஜியில் மூச்சு இழுக்கும்போது கூர்முனைகள் நெருங்கி வரும், விடும்போது விலகிப் போகும். அது நல்ல இதயத்தின் அடையாளம். மெஷினில் நீளமாக ஓடவிட்டால் அலை மாதிரி நெருங்கி விலகி நெருங்கி விலகி வருவது கண்ணுக்கு அழகாக இருக்கும்.

அப்புறம், சண்டை போடாதீர்கள். எனக்கு இதைப் புரியவைத்தவர் ஒரு மனநல ஆலோசகர். "நின்னுடு, நின்னுடுன்னு சொல்லச் சொல்ல, ஏதோ ஆபத்துன்னு மூளைக்கு நீங்களே சொல்றீங்க" என்றார். உடம்பில் ஏதோ ஒரு உணர்வு வருகிறது, அதை மாரடைப்பு என்று நினைக்கிறோம், அந்த நினைப்பே இன்னும் அட்ரினலினைக் கொட்டுகிறது, துடிப்பு இன்னும் ஏறுகிறது. 1986-இல் ஆக்ஸ்போர்டில் இருந்த டேவிட் கிளார்க் என்ற உளவியலாளர் பேனிக் அட்டாக்கை இப்படித்தான் விளக்கினார். சுற்றில் நாம் அறுக்கக்கூடிய இடம் அந்த நினைப்புதான். நான் மனசுக்குள் சொல்லிக்கொள்கிற வாக்கியம்: "அட்ரினலின் வந்திருக்கு, அது போகும்." பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. ஆனால் 'சாகப்போறேன்' என்று நினைப்பதற்கு இதை நினைக்கலாம்.

பேப்பர் பையில் மூச்சு விடும் பழக்கம் வேண்டாம். உண்மையில் இதயத்திலோ நுரையீரலிலோ கோளாறு இருந்தால் அது ஆபத்தில் முடியும். முடிந்தவரை இருக்கிற இடத்திலேயே இருங்கள். பஸ்ஸில் வந்தால் இறங்கி ஓடாதீர்கள். இறங்கினால் அந்த நேரத்துக்கு நிம்மதி, ஆனால் அடுத்த தடவை பஸ்ஸே எதிரியாகிவிடும். நான் எட்டு மாதம் டவுன் பஸ் ஏறாமல் ஆட்டோவுக்குக் கொடுத்த பணம் அந்த முதல்நாள் இறங்கினதால் வந்தது.

ஸ்மார்ட் வாட்ச், ஆக்சிமீட்டர், பிபி மெஷின் எல்லாம் வாங்கி வைத்திருக்கிறேன். நல்லதுதானே?

ரத்த அழுத்தம் இருப்பவர்கள் டாக்டர் சொன்ன நேரத்தில் பார்ப்பது நல்லது. பதட்டத்துக்காகப் பார்ப்பது வேறு கதை.

எனக்கு மெஷினே கைக்குக் கிட்டத்தில் இருந்தது. ஒரே மாதத்தில் எனக்கு நானே 11 ஈசிஜி எடுத்தேன். ஆள் இல்லாத நேரம் பார்த்து கதவைச் சாத்திக்கொண்டு, இடது கையால் மார்பில் பல்புகளை ஒட்டிக்கொண்டு, காகிதத்தைக் கட்டம் கட்டமாக எண்ணுவேன். நார்மல். ஒரு மணி நேரம் நிம்மதி. அப்புறம், "அது ஒரு மணி நேரத்துக்கு முன்னாடி எடுத்தது, இப்ப எப்படி இருக்கோ" என்று ஆரம்பித்துவிடும். சோதிக்கச் சோதிக்க நிம்மதி நீடிக்கும் நேரம் குறைந்துகொண்டே வந்தது. எங்கள் டாக்டரம்மா ஒருநாள் குப்பைக் கூடையில் கிடந்த காகிதங்களைப் பார்த்துவிட்டார். திட்டவில்லை. "மூணு மாசத்துக்கு ஒண்ணுகூட எடுக்கக் கூடாது. ஆசை வந்தா என் ரூமுக்கு வந்து டீ குடி" என்றார். முதல் வாரம் நரகம். மூன்றாவது வாரத்தில் ஒருநாள் முழுக்க நாடி பார்க்கவே மறந்திருந்தேன்.

நாடியில் கை வைப்பது, கூகுளில் தேடுவது, வீட்டுக்காரரை நெஞ்சில் காது வைத்துக் கேட்கச் சொல்வது எல்லாமே சோதிப்பதுதான். ஒரேயடியாக விட முடியாவிட்டால், இருபது தடவையை ஐந்தாகக் குறையுங்கள்.

சும்மா இருக்கும்போது எத்தனை துடிப்பு வரை சரி?

பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 60 முதல் 100. நன்றாக உடற்பயிற்சி செய்பவர்களுக்கு 60-க்குக் கீழும் இருக்கும். காய்ச்சல், தண்ணீர் குறைவு, பட்டினி, தூக்கமின்மை எல்லாம் ஏற்றும்.

காபி, டீயை விட்டுவிட வேண்டுமா?

எல்லோரும் விட வேண்டியதில்லை. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் வரை கஃபீன் பரவாயில்லை என்பது பொதுவான கணக்கு. ஆனால் ஆளுக்கு ஆள் தாங்கும் அளவு வேறு. முதல் டிக்காஷனில் போட்ட காபி குடித்து அரை மணியில் படபடத்தால் பதில் உங்களிடமே இருக்கிறது. ஒரேயடியாக நிறுத்தினால் தலைவலி வரும், ஒரு வாரம் இரண்டு வாரமாகக் குறைத்து வாருங்கள். எனர்ஜி டிரிங்க் வேண்டவே வேண்டாம்.

பலர் யோசிக்காத சில விஷயங்களும் உண்டு. மூக்கடைப்புக்கு மெடிக்கலில் வாங்குகிற சளி மாத்திரைகள் சில, ஆஸ்துமா இன்ஹேலர், அளவு கூடிப்போன தைராய்டு மாத்திரை எல்லாம் துடிப்பை ஏற்றும். சிகரெட்டும் புகையிலையும் மனசை அடக்குவதாகத் தோன்றினாலும் நிகோட்டின் இதயத்தை விரட்டத்தான் செய்கிறது. குடி அன்று இரவு அடக்கி, மறுநாள் காலையில் இரட்டிப்பாகத் திருப்பித் தரும்.

நடந்தால், மாடி ஏறினால் இதயம் அடிக்கிறது. பயந்து எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். சரியா?

டாக்டர் பார்த்து இதயம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார் என்றால், நிறுத்தினதுதான் தப்பு. உட்கார்ந்தே இருந்தால் உடம்பு சக்தி இழந்து, சின்ன வேலைக்கே துடிப்பு ஏறும். அதைப் பார்த்து இன்னும் பயம் வரும்.

ஆலோசகர் அறையில் நான் செய்தது இது. ஒரு நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடச் சொன்னார். நெஞ்சு தடதடவென்று அடித்தது, எனக்கு அழுகை வந்தது. நாடி பார்க்கவும் கூடாது, தண்ணீர் குடிக்கவும் கூடாது, உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே பார்க்க வேண்டும். அடங்கியது. மறுபடி ஓடு என்றார். அன்று நான்கு தடவை. வேண்டுமென்றே துடிப்பை வரவழைத்து, அது தானாக அடங்குவதை உடம்புக்குக் காட்டித்தருகிற சிகிச்சை இது. வீட்டில் தனியாக ஆரம்பிக்காமல் ஒருவர் துணையோடு கற்றுக்கொள்ளுங்கள். இப்போது தினமும் வயல்வரப்பு ஓரமாக நாற்பது நிமிடம் நடக்கிறேன்.

மாத்திரை எடுத்தால் பழக்கமாகிவிடுமா?

எந்த மாத்திரை என்பதைப் பொறுத்தது.

ப்ரோப்ரனலால் துடிப்பையும் கை நடுக்கத்தையும் அடக்கும். இந்த வகை மருந்தை உருவாக்கியதற்காகவும் வேறு சில பணிகளுக்காகவும் ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் பிளாக்குக்கு 1988-இல் நோபல் பரிசு கிடைத்தது. துடிப்பை அடக்குமே தவிர, கவலையின் வேரைத் தொடாது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது, அதை மறக்காமல் சொல்லுங்கள். நாள்பட எடுத்தவர்கள் திடீரென்று நிறுத்தக் கூடாது.

எஸ்சிட்டலோப்ராம், செர்ட்ரலின் போன்றவைதான் நீண்டகாலச் சிகிச்சைக்குப் பொதுவாகக் கொடுப்பவை. முதல் ஒன்றிரண்டு வாரம் படபடப்பு கொஞ்சம் கூடினாலும் கூடலாம். இதைச் சொல்லாமல் கொடுத்தால் நோயாளி மூன்றாம் நாளே தூக்கிப்போட்டுவிடுவார். பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். போதைப் பழக்கம் ஆகாது, ஆனால் நிறுத்தும்போது டாக்டர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

அல்பிரசோலம், குளோனசெபாம் வகை உடனே கேட்கும், அதனால்தான் ஆபத்து. வாரக்கணக்கில் தொடர்ந்தால் உடம்பு அதற்குப் பழகிவிடும். இரண்டு வருஷத்துக்கு முந்தைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் வாங்கிச் சாப்பிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஏற்கெனவே பழகிவிட்டால் தானாக நிறுத்தவும் வேண்டாம், வலிப்பு வரை போகலாம்.

மனநல டாக்டரிடம் போனால் ஊர் என்ன சொல்லும்?

எனக்கும் இந்தப் பயம் இருந்தது. பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வரிசையில் என் முன்னால் உட்கார்ந்திருந்தவர் எங்கள் தெருக்காரர்! இருவரும் ஒரு நிமிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். அப்புறம் அவரே, "உங்களுக்கும் படபடப்பா?" என்று கேட்டார். இன்றும் நல்ல பழக்கம்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, செலவு இல்லை. நேரில் போகத் தயக்கம் என்றால் 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல உதவி இருக்கிறது, எண் 14416. இலவசம், எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலும் பேசலாம். இலங்கையில் மனநல உதவிக்கு எண் 1926.

இவ்வளவு பதட்டப்பட்டால் இதயம் கெட்டுப்போகாதா?

ஒரு பேனிக் அட்டாக்கால் நல்ல இதயம் நின்றுவிடுவதில்லை. மாடி ஏறும்போது வருகிற துடிப்பைத் தாங்குகிற இதயம் இதையும் தாங்கும்.

வருஷக்கணக்கான மன அழுத்தம் வேறு விஷயம். 52 நாடுகளில் நடந்து 2004-இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு, மாரடைப்போடு தொடர்புள்ள ஒன்பது முக்கியக் காரணிகளில் மன அழுத்தம், மனச்சோர்வு போன்றவற்றையும் சேர்த்தது. மற்றவை புகை, கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, தொப்பை போன்ற நமக்குத் தெரிந்தவைதான். பதட்டக்காரர் தூங்குவதில்லை, நடப்பதில்லை, சிகரெட்டைத் தேடுகிறார், அந்த வழியிலும் கேடு சேர்கிறது. ஆகவே பதட்டத்துக்குச் சிகிச்சை எடுப்பது இதயத்துக்கும் செய்கிற நல்லதுதான்.

பெரிய அதிர்ச்சியில் இதயம் தற்காலிகமாகப் பலவீனமாகிற நிலை ஒன்றும் உண்டு. 1990-இல் ஜப்பானில் விவரித்தார்கள். இதயத்தின் இடது அறை ஆக்டோபஸ் பிடிக்கும் பானை மாதிரி உப்பித் தெரிந்ததால் டகோட்சுபோ என்று பெயர். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு அதிகம் வருகிறது. பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுகிறார்கள். மாரடைப்பு மாதிரியே வருவதால் ஆஸ்பத்திரியில்தான் பிரித்தறிய முடியும். இது தினசரிப் பதட்டத்தில் பொதுவாக வருவதில்லை.

வீட்டில் ஒருவருக்கு வந்தால் பக்கத்தில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும்?

"ஒண்ணுமில்ல, சும்மா இரு" என்று சொல்லாதீர்கள். விசிறிக்கொண்டு நான்கு பேர் சூழ்ந்து நிற்க வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் மெதுவாக மூச்சு விடுங்கள். அவர் தானாகச் சேர்ந்துகொள்வார். மேலே சொன்ன மாரடைப்பு அடையாளங்கள் இருக்கிறதா என்று ஒரு கண் வைத்திருங்கள்.

முழுசாகப் போய்விடுமா?

சிகிச்சை எடுப்பவர்களில் பெரும்பாலோருக்கு நன்றாகவே குறைகிறது. சிலருக்கு வீட்டில் ஒரு துக்கமோ வேலையில் நெருக்கடியோ வரும்போது மறுபடி எட்டிப்பார்க்கும். எனக்கும் அப்படித்தான், அப்பா திதி வரும் மாதம் கொஞ்சம் கூடும்.

போன ஐப்பசியில் நல்ல மழை. பாலத்துக்குப் பக்கத்தில் தண்ணீர் ஏறி டவுன் பஸ் ஒரு மணி நேரம் நின்றுவிட்டது. ஜன்னல் ஷட்டரெல்லாம் இறக்கி, உள்ளே ஒரே புழுக்கம். நெஞ்சு தடதடவென்று ஆரம்பித்தது. நான்கு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து சீட் அம்மா மடியிலிருந்து வேகவைத்த கடலையை எடுத்து, "சாப்பிடு தாயி, எப்ப கிளம்புமோ" என்று நீட்டினார். வாங்கிக்கொண்டேன். தன் மகளின் பிரசவத்துக்காகப் போய்க்கொண்டிருந்தார், அதைச் சொல்ல ஆரம்பித்தார். பேச்சு எங்கெங்கோ போனது. பஸ் நகர்ந்தபோதுதான் நெஞ்சு ஞாபகம் வந்தது. அது எப்போது அடங்கியது என்று நான் கவனித்திருக்கவில்லை.